முன்பின் தெரியாத நகரம், முன்பின் தெரியாத மனிதர்கள்: தனியே பயணம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினான்கு வருஷமாகத் தனியாகப் பயணம் போய்க்கொண்டிருக்கிறேன். முதல்முறை தனியே கிளம்புகிறவர்கள் என்னிடம் விமான டிக்கெட்டைப் பற்றியோ விசாவைப் பற்றியோ அதிகம் கேட்பதில்லை. "அங்கே யாரோடு பேசுவாய்? எப்படி நம்புவாய்? பயமாக இருக்காதா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொல்லிவருகிற பதில்களும் இவை. நான் ஒரு பெண். சில பதில்கள் அந்த இடத்திலிருந்து வருகின்றன.

தனியாகப் போனால்தான் இப்படிப்பட்ட சந்திப்புகள் கிடைக்குமா?

இரண்டு பேராகப் போனாலும் கிடைக்கும், ஆனால் குறைவு. இருவர் சேர்ந்து நடக்கும்போது பேச்சு அவர்களுக்குள்ளேயே சுற்றும். வழி தெரியவில்லை என்றால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், மூன்றாவது ஆளிடம் போக மாட்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவரும் "அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் எதற்குப் புகுவானேன்" என்று ஒதுங்கிவிடுவார். ஒற்றை ஆளாகத் தெருமுனையில் நின்று வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தால், போகிற யாருக்காவது "எங்கே போகணும்?" என்று கேட்கத் தோன்றும்.

துணையோடு போவதுதான் தெம்பு என்பவர்கள், தினமும் இரண்டு மணி நேரம் பிரிந்து நடந்துவிட்டு ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரமே நிறையத் தரும்.

எனக்குக் கூச்ச சுபாவம். வலியப் போய்ப் பேச வராது. என்னால் முடியுமா?

முடியும். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூச்சத்தில் பாதி ஒரு தப்புக் கணக்கு. "நான் பேசினால் அவருக்குத் தொந்தரவு, முகத்தைத் திருப்பிக்கொள்வார்" என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் சிகாகோவின் பயணிகள் ரயிலில் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். சிலரிடம், பக்கத்தில் இருக்கும் அறிமுகமில்லாதவரோடு பேசிக்கொண்டு வரச் சொன்னார்கள். சிலரிடம், யாரோடும் பேசாமல் வரச் சொன்னார்கள். மற்றவர்களை வழக்கம்போல வரச் சொன்னார்கள். பேசிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. "இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்?" என்று வேறு பயணிகளை ஊகிக்கச் சொன்னபோது அவர்கள் நேர்மாறாக ஊகித்தார்கள்.

பேசி முடித்த பிறகும் இந்தத் தப்புக் கணக்கு விடுவதில்லை. முதல்முறை பேசிப் பிரியும் இருவர், "அவருக்கு என்னை எவ்வளவு பிடித்தது" என்பதை உண்மையில் இருப்பதைவிடக் குறைத்தே நினைத்துக்கொள்கிறார்கள் என்று எரிக்கா பூத்பியும் அவருடைய சகாக்களும் 2018இல் காட்டினார்கள். அறைக்குத் திரும்பிப் படுத்தபின் "ஐயோ, உளறிவிட்டேனோ" என்று புரள்கிறோமே, அந்த நேரத்தில் அவரும் அங்கே அப்படித்தான் புரண்டுகொண்டிருப்பார்.

சரி, ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும். கூச்சம் உள்ளவருக்கு என் ஆலோசனை, நட்பு தேடிப் போகாதீர்கள், உதவி கேட்டுப் போங்கள். "உங்களோடு பேசலாமா?" என்று கேட்க நாக்கு எழாது. "இந்தப் பஸ் அங்கே போகுமா?" என்று கேட்க யாருக்கும் நாக்கு எழும். உதவி கேட்பது அடுத்தவருக்குப் பாரம் என்று நினைக்கிறோம். பிரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் உதவிக்குச் சம்மதிப்பது நாம் எதிர்பார்ப்பதைவிட மிகவும் அதிகம் என்று தெரிந்தது. எனக்கு அது ஒரு தோள்பை அறுந்த அன்றே தெரிந்தது.

மொழி ஒரு சொல்கூடத் தெரியாத ஒரு நகரத்தில் இறங்கிய முதல் சாயங்காலம், படிக்கட்டு ஏறும்போது பையின் வார் அறுந்து விழுந்தது. பையைக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு பாலத்தின் படிக்கட்டுக்கு அடியில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். குத்தூசி, சுத்தியல், நூல்கண்டு எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. நான் எதுவும் சொல்லவில்லை. அறுந்த வாரை நீட்டினேன். அவர் வாரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வெளிச்சம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டார்போல. பெட்டியைத் திறந்துவிட்டார்.

நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்தார். பழைய தையல் ஓட்டையில் கோக்காமல் அரை விரற்கடை உள்ளே தள்ளிப் புதிதாகக் குத்தினார், பழைய ஓட்டை மறுபடி கிழியும் என்று விரலால் காட்டிப் புரியவைத்தார். ஒரு வாரை முடித்ததும் மற்ற வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அறுந்திருக்கவில்லை, ஆனால் அறுகிற நிலையில் இருந்தது. அதையும் தைத்தார். கடைசியில் தன் இரும்புப் பெட்டியைப் பைக்குள் வைத்துத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அந்த முக்கால் மணி நேரத்தில் நாங்கள் ஒரு சொல்கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. எனக்கோ அந்த நகரத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிட்டது. அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன்.

உதவி என்றால் எதைக் கேட்பது? வழியைத்தான் போனே சொல்லிவிடுகிறதே?

போன் சொல்ல முடியாததைக் கேளுங்கள். "நிலையம் எங்கே?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "வெயில் படாமல் நிலையத்துக்கு நடக்க எந்தத் தெரு நல்லது?" என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், இரண்டு பேருக்குள் வாக்குவாதம்கூட வரும். அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. சாயங்காலம் உட்கார எந்த இடம், இந்த மரத்துக்கு இங்கே என்ன பேர், இந்தச் சிலையில் இருப்பவர் யார், அந்தப் பழைய கட்டடத்தில் முன்பு என்ன இருந்தது. உள்ளூர்க்காரருக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்ல எப்போதும் ஏதாவது இருக்கும், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

யாரிடம் கேட்பது?

ஓரிடத்தில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவர்கள். தையல்காரர், பூ விற்பவர், நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், பூங்காவில் தண்ணீர் விடுபவர். அவர்களுக்கு அந்த இடம் தெரியும், அந்த இடத்தில் அவர்களையும் எல்லோருக்கும் தெரியும். நம்பிக்கைக்கு அது பெரிய பலம். அடுத்து, அவசரமில்லாத முதியவர்கள். கைக்குழந்தையோடு இருக்கும் தாயிடம் கேட்டால் அனேகமாக நல்ல பதில் வரும், ஆனால் அவர் கை நிறைய வேலையோடு இருப்பார், சுருக்கமாகக் கேட்டுவிட்டு நகருங்கள்.

எந்த இடத்தில் இப்படிப்பட்ட சந்திப்புகள் நடக்கும்?

எங்கே என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். நாளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் பார்க்கிற முகமெல்லாம் புதுமுகமாகவே இருக்கும். ஒரே பெஞ்சில், ஒரே நேரத்துக்கு, மூன்று நாள் போய் உட்காருங்கள். முதல் நாள் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் நாள், நேற்றைக்கும் வந்த ஆள் என்று ஒரு பார்வை வரும். மூன்றாம் நாள் தலையாட்டுவார்கள்.

தினமும் பார்க்கிறோம், முகம் தெரியும், ஆனால் பேசியதில்லை என்ற உறவை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் 'பழகிய அந்நியர்' என்று பெயரிட்டு எழுதினார். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தினம் பார்க்கும் இடத்தில் பேசிக்கொள்ளாத இருவர், அந்த இடத்துக்கு வெகு தொலைவில் எதிர்ப்பட்டால் பேசிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது என்கிறார். பயணத்திலும் அப்படி நடக்கும். காலையில் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவரை மாலையில் நகரத்தின் மறுமுனையில் பார்த்தால், இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பை வீணாக்காதீர்கள்.

ஒரு வாரத்தில் நாலு நகரம் என்று திட்டம் போடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டை வெட்டிவிடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடப்பது பாதுகாப்பா?

இரண்டு வகையிலும் கெடுதல். பின்னால் வரும் வண்டி கேட்காது, முன்னால் வரும் மனிதரும் பேச மாட்டார். யாரிடமும் பேசப் பிடிக்காத நேரத்தில் பாட்டே போடாமல் மாட்டிக்கொள்ளுங்கள், அதற்கு அது நல்ல கவசம்.

மொழி தெரியாதே, எப்படிப் பேசுவது?

ஐந்து சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: வணக்கம், நன்றி, மன்னிக்கவும், வேண்டாம், அழகாக இருக்கிறது. முதல் நான்கும் தேவைக்கு. ஐந்தாவது, ஒருவர் தன் வேலையையோ வீட்டையோ பேரக்குழந்தையின் படத்தையோ காட்டும்போது சொல்வதற்கு. மொழிபெயர்ப்புச் செயலி உதவும்தான், ஆனால் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தைப் பார்க்க முடியாது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் காட்ட ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எப்போதும் பையில் இருக்கட்டும். படம் போட்டுக் காட்டினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். எனக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பெரியவரின் பேத்தி. இரண்டாம் நாள் நன்றி சொல்லலாம் என்று பாலத்தடிக்குப் போனபோது, பத்து வயது இருக்கும், ஒரு சிறுமி அவருக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடம். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அந்த ஊர் எழுத்தில் ஒன்று முதல் பத்து வரை எழுதி, ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லி, நான் தப்பாகச் சொன்னால் பென்சிலால் வாளியைத் தட்டினாள். ஏழாவது எண்ணில் பலமுறை தட்டினாள். நான் என் நோட்டில் தமிழ் எண்களை எழுதிக் கொடுத்தேன். ௧ என்ற எண்ணும் 'க' என்ற எழுத்தும் ஒரே வடிவம் என்று சொல்லிப் புரியவைக்க வெகுநேரம் பிடித்தது. அன்று மாலையிலிருந்து அந்த நகரத்தில் பஸ் எண்களை நானே படித்தேன்.

ஒருவரை நம்பலாமா கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏமாற்றுகிறவருக்கு இனிமையான முகம் தொழில் மூலதனம். முகத்துக்குப் பதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது இடம். நல்ல மனசோடு உதவுகிறவரின் உதவி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். உங்களை இன்னோர் இடத்துக்கு நகர்த்தப் பார்க்கிறவரிடம் எச்சரிக்கை வேண்டும். உலகமெங்கும் பேர்போன தந்திரங்களை எடுத்துப் பாருங்கள், பலவற்றுக்கு அடியில் இதுதான் இருக்கிறது. பாங்காக்கில் அரண்மனைக்கு வெளியே "இன்று மூடியிருக்கிறது, வேறு நல்ல இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்" என்பார்கள், போய்ச் சேருவது ரத்தினக் கடையில். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் மாணவர்கள்போல வந்து ஆங்கிலம் பழக வேண்டும் என்று பேச்சுக் கொடுத்து ஒரு தேநீர் விடுதிக்கு அழைத்துப்போவார்கள், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். ஊருக்கு ஊர் வேஷம் மாறும், "வாருங்கள், அங்கே போகலாம்" என்பது மாறாது.

இரண்டாவது நேரம். "இப்போதே", "இன்றைக்கு மட்டும்", "சீக்கிரம், மூடிவிடுவார்கள்" என்று நெருக்குகிறாரா? நம்மை யோசிக்க விடாமல் வைத்திருப்பதுதான் அவருக்கு லாபம்.

மூன்றாவது, 'வேண்டாம்' என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது. நான் இதை வேண்டுமென்றே சோதிப்பேன். பேச்சின் தொடக்கத்திலேயே ஏதாவது சின்ன விஷயத்துக்கு, பையைத் தூக்கித் தருகிறேன் என்றாலோ அந்தப் பக்கம் உட்காரலாம் என்றாலோ, சிரித்துக்கொண்டே "வேண்டாம், பரவாயில்லை" என்பேன். "சரி" என்று அதோடு விட்டால் நல்ல ஆள். இரண்டாவது தடவையும் வற்புறுத்தினால், மூன்றாவது தடவை வற்புறுத்த நான் அங்கே இருக்க மாட்டேன்.

இதை நான் சொந்தச் செலவில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சதுக்கத்தில், நான் பார்க்க வந்த பழைய கட்டடத்தின் வாசலுக்கு நூறு அடி முன்னால் ஓர் இளைஞர் மறித்தார். மதியம் மூடிவிடுவார்கள், பின்வாசல் வழியாக என் மாமாவிடம் சொல்லிக் கூட்டிப் போகிறேன் என்றார். பேச்சு அவ்வளவு மரியாதை. மூன்று திருப்பம் திரும்பிவிட்டேன். நாலாவது சந்தில் பாதி இறக்கிய ஷட்டர் ஒன்றைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. "நாளைக்கு வருகிறேன்" என்றேன். அதுவரை இருந்த சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்தார். உதறிக்கொண்டு, வந்த வழியே ஓடினேன். கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக்கூட நிற்கவில்லை. சதுக்கத்துக்கு வந்து பார்த்தால் கட்டடத்தின் முன்வாசல் அகலத் திறந்திருந்தது, ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று இரவு, இனி யாரோடும் பேசுவதில்லை என்றுதான் முடிவெடுத்தேன். மறுநாள் கண்ணாடி இல்லாமல் பஸ் பலகையைப் படிக்கத் திணறியபோது, ஒரு அம்மா கேட்காமலே நான் போகும் பஸ் வரும்வரை கூடவே நின்றார், ஏற்றிவிட்டுத்தான் தன் பஸ்ஸைப் பிடித்தார். அவர் என்னை ஓரடிகூட நகர்த்தவில்லை. இடமும் நேரமும் என்ற கணக்கு எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

பெண்ணாகத் தனியே போகும்போது வேறு என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பகலில் போய் இறங்குங்கள். முதல் இரவு தங்கும் இடத்தை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். போனில் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமித்துவையுங்கள், வீட்டில் ஒருவருக்கு இருப்பிடத்தைப் பகிர்ந்துவையுங்கள். போகிற நாட்டின் அவசர எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112, இந்தியாவிலும் அதே 112.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. யாருக்கும் நீங்கள் சிரிப்போ பதிலோ கடன்பட்டிருக்கவில்லை. நாம் மரியாதையாக வளர்ந்தவர்கள், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது நமக்குக் குற்றம்போலத் தோன்றும். உள்ளுக்குள் ஏதோ உறுத்தினால் காரணம் தேடாமல் எழுந்து போங்கள். அவர் நல்லவராகவே இருந்து, மனம் வருந்தியிருந்தாலும் பரவாயில்லை. பஸ்ஸில் இடம் மாறிப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். "கணவர் வரவில்லையா?" என்று கேட்டால் "வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லலாம். பாதுகாப்புக்காகச் சொல்லும் பொய்யில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. மீறி ஏதாவது நடந்துவிட்டால் அது செய்தவன் குற்றம், தனியாகப் போனது குற்றமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆண்களுக்குத் திறக்காத பல கதவுகள் தனியே வரும் பெண்ணுக்குத் திறக்கும். பாட்டிகள், மாணவிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் தாமாக வந்து பக்கத்தில் உட்காருவார்கள்.

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

பெரும்பாலும் சாதாரணமாகத்தான் கேட்பார்கள். நகரத்தின் பகுதியைச் சொல்லுங்கள், விடுதியின் பெயரைச் சொல்லாதீர்கள். "நிலையத்துக்குப் பக்கத்தில்" போதும்.

வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டால் போகலாமா?

நான் போயிருக்கிறேன், மறுத்தும் இருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே போக மாட்டேன். பொது இடத்தில் இரண்டு தடவையாவது பார்த்திருக்க வேண்டும், பகலாக இருக்க வேண்டும், வீட்டில் வேறு ஆட்களும் இருக்க வேண்டும், திரும்பிவரும் வழி எனக்கே தெரிந்திருக்க வேண்டும். முகவரியை வேறு ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அதை அழைத்தவரிடமும் சொல்லிவிடுவேன். நல்ல மனிதர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை.

முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவதை ஒரு ஒழுங்கோடு செய்ய அமைப்புகளும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கொஞ்ச காலத்தில், வெவ்வேறு நாட்டு மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் போர் குறையும் என்ற நம்பிக்கையோடு 1949இல் டென்மார்க்கில் தொடங்கியது சர்வாஸ். அதில் சேர நேர்காணல் உண்டு. 2004இல் வந்த கவுச்சர்ஃபிங் என்ற தளம் இதை இணையம் வழியாகச் செய்கிறது. வீட்டில் தங்க வேண்டாம், உள்ளூர்க்காரர் ஒருவரோடு நகரத்தைச் சுற்றினால் போதும் என்பவர்களுக்கு 'கிரீட்டர்' முறை இருக்கிறது. 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய பழக்கம். தன்னார்வலர்கள் கட்டணம் வாங்காமல் தங்கள் பகுதியைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இப்போது பல நாட்டு நகரங்களில் நடக்கிறது. முதல் பயணத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

உதவியவருக்குப் பணம் கொடுக்கலாமா?

அது அவருடைய தொழில் என்றால் முழுசாகக் கொடுங்கள், பேரம் வேண்டாம். அன்புக்குச் செய்தது என்றால் ஒரு தடவை கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். அறுந்த வாருக்குப் பெரியவர் காசு வாங்கிக்கொண்டார். அறுகிற நிலையில் இருந்த வாருக்கு வாங்கவில்லை.

யாருமே பேசவில்லை. நாலு நாளாகத் தனிமை நெஞ்சை அடைக்கிறது. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

இல்லை. பெருநகரத்தில் ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்வது வெறுப்பினால் இல்லை. "நீ இருப்பதைப் பார்த்தேன், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று அதற்குப் பொருள் என்கிறார் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர். 1963இல் அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார். அது அவர்கள் மரியாதை. நமக்கு அது சுவர்போலத் தெரிகிறது.

இந்தத் தனிமை பழையது. 1325இல் இருபத்தொரு வயது இபின் பதூதா மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து மெக்காவுக்குத் தனியே கிளம்பினார். துனிஸ் நகரத்தை அடைந்தபோது ஊர்மக்கள் வெளியே வந்து, வந்திருந்த ஒவ்வொருவரையும் நலம் விசாரித்து வரவேற்றார்கள். அவரை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை, அவரைத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. கண்ணீரை அடக்க முடியாமல் அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூட வந்த பயணி ஒருவர் அதைக் கவனித்து, பக்கத்தில் வந்து, நகரத்துக்குள் போகும்வரை பேசிக்கொண்டே வந்தார். அதன் பிறகு இபின் பதூதா இந்தியா, சீனாவரை போய், ஏறத்தாழ முப்பது வருஷம் சுற்றினார்.

ஆக, அழுகை வந்தால் அழுங்கள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு நேற்றைக்குப் போன அதே பெஞ்சுக்குப் போங்கள்.

முன்பின் தெரியாதவர் ஏன் தன் சொந்தக் கதையை என்னிடம் கொட்டுகிறார்?

நீங்கள் போய்விடுவீர்கள் என்பதால்தான். வெளியூர் ஆளிடம் மக்கள் பாவமன்னிப்புக் கேட்பதுபோல மனதைத் திறப்பதை ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1908லேயே எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட வழிப்போக்கரிடம் சொல்லிவிடுவார்கள். அந்தக் கதை நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சேராது.

அப்போது ஆலோசனை சொல்லாதீர்கள். ரயிலில் ஒரு அம்மா, மகன் தன்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது என்றார். என் வாயில் பதில் தயாராக இருந்தது, நல்லவேளை, சொல்லவில்லை. இறங்கும்போது, "இதை நான் யாரிடமும் சொன்னதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஊரையும் அடையாளத்தையும் நான் எங்கேயும் எழுதியதில்லை, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பேச்சு முடியவே இல்லை. எப்படி எழுந்து வருவது?

இருவரும் விரும்பிய நேரத்தில் முடிகிற உரையாடல் மிகவும் அபூர்வம், நூற்றுக்கு இரண்டுதான் என்று 2021இல் ஆடம் மாஸ்ட்ரோயானியும் சகாக்களும் கண்டார்கள். எதிரே இருப்பவரும் எப்படி எழுவது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அதனால் கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்காமல் எழுந்து நின்று, அவர் சொன்னதில் ஒன்றைத் திருப்பிச் சொல்லி நன்றி சொல்லுங்கள்: "அந்த ஆற்றங்கரைத் தெருவை நாளைக்குக் கட்டாயம் பார்க்கிறேன். நான் கிளம்புகிறேன்." உட்கார்ந்தபடியே கிளம்புகிறேன் என்றால் இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள், பேசிய பிறகு எடுங்கள். கேமராவோடு நெருங்கினால் அவர் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறார். எடுத்ததைக் காட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். குழந்தைகளைப் பெரியவர்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

முகவரி வாங்கினேன், எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதவில்லை. வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது எழுதினால் அசிங்கமாக இருக்காதா?

இருக்காது, இன்றைக்கே எழுதுங்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர், பெறுகிறவருக்கு அது எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைக் குறைத்தும், எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூட்டியும் நினைத்துக்கொள்கிறார் என்று அமித் குமாரும், மேலே சொன்ன நிக்கோலஸ் எப்லியும் 2018இல் காட்டினார்கள். தாமதத்துக்கு ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்காதீர்கள். என்றைக்கு, எங்கே சந்தித்தோம், நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி எழுதி, படம் இருந்தால் அச்சுப் போட்டு உள்ளே வையுங்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தாலும் தபால்தான் என் விருப்பம்.

பாலத்தடிப் பெரியவருக்கு நான் மூன்றரை வருஷம் கழித்துத்தான் எழுதினேன். சிறுமி என் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்த முகவரியை அவள் எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்து உறையில் ஒட்டினேன். உள்ளே இரண்டு வார்களையும் படம் எடுத்து வைத்தேன், ஒன்றுகூடப் பிரியவில்லை என்று காட்டுவதற்காக. ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. பேத்தியின் கையெழுத்து, இப்போது பெரிய எழுத்து இல்லை, சீராக, சின்னதாக. தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதாம், படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வாரில் எண்ணெய் போடச் சொன்னாராம். கடிதத்தின் அடியில், ஒன்று முதல் பத்து வரை தமிழ் எண்களில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அவர்கள் எழுத்தில் பத்து எண்கள், ஏழாவதைச் சுற்றி ஒரு வட்டம்.